21 நிமிஷம் வானத்துலேர்ந்து குதிச்சதா? – ஃப்ரெடி மெர்க்குரி படம் பத்தி

கோத்தகிரித் தம்பி கேட்டது | 18 நவம்பர் 2018

"குயீன் பேண்டுப் பாடகர் ஃப்ரெடி மெர்க்குரி கதை, 'பொஹீமியன் ராப்சடி' படம், கோயம்புத்தூர் போய்ப் பார்த்துட்டு வந்தேன். கடைசியில வர்ற லைவ் எய்ட் கச்சேரியில, அதான் 1985ல லண்டன் வெம்ப்ளி ஸ்டேடியத்துல பல பேண்டு சேர்ந்து நடத்தின தர்மக் கச்சேரி, அதுல குயீன் வாசிச்ச 21 நிமிஷத்துல உடம்பெல்லாம் சிலிர்த்துப் போச்சு. வீட்டுக்கு வந்து போனைத் தட்டினா, படத்துல பாதி வருஷம் தப்பு, பாதி சம்பவம் கதைன்னு போட்டிருக்கான். அண்ணா, நீங்க மேடையிலேயே கிடக்கிற ஆளு. நான் சிலிர்த்தது ஏமாந்ததா?"

குன்னூர் மைக்செட் | 18 நவம்பர், இரவு 11.05

நான் இன்னும் பார்க்கல. இந்த மாதிரிப் படம் மலை ஏறி வர்றதுக்குள்ள டிவியிலயே போட்டுடுவான். பவர் ஆம்ப்ளிஃபயர்ல ஒரு சேனல் போயிடுச்சு, அதைத் தூக்கிக்கிட்டு எப்படியும் கோயம்புத்தூர் இறங்கணும். பர்லியார் பக்கம் மழை விட்டா இந்த வாரமே போறேன். அதுவரைக்கும் யாரும் கதை சொல்லாதீங்க. ஆள் செத்துட்டார்ங்கறது தெரியும், அதை மட்டும் சொல்லலாம்.

21 நவம்பர், இரவு 9.40

பார்த்தாச்சு. ஆம்ப்ளிஃபயரைக் கடையில விட்டுட்டு மதியக் காட்சி. தியேட்டர்ல பத்துப் பதினஞ்சு பேர், பாதிப் பேர் காலேஜ் பசங்க, மீதி என் வயசு.

வருஷத் தப்பை முதல்ல தீர்த்துடலாம். 'வீ வில் ராக் யூ' 1977 பாட்டு. படத்துல 1980ன்னு போட்டு, ஃப்ரெடி மீசையோட வந்து நிக்கிறார். 'ஃபேட் பாட்டம்டு கேர்ல்ஸ்' 1978. படத்துல முதல் அமெரிக்க டூர்லயே பாடுறாங்க, அந்த டூர் 1974. பிரேசில்ல அவ்வளவு பெரிய ஜனம் 'லவ் ஆஃப் மை லைஃப்' பாடுறதைக் காதலி மேரிக்குப் போட்டுக் காட்டுறாரே, அந்த ராக் இன் ரியோ கச்சேரி நடந்தது 1985 ஜனவரியில, படத்துல ரொம்ப முன்னாடியே வந்துடுது. ஈ.எம்.ஐ. இசைத்தட்டுக் கம்பெனியில ரே ஃபாஸ்டர்னு ஒரு அதிகாரி, 'பொஹீமியன் ராப்சடி'ங்கற ஆறு நிமிஷப் பாட்டை எந்த ரேடியோ போடுவான்னு குதிக்கிறார். அப்படி ஒரு ஆளே கிடையாது, எழுதினவங்க உண்டாக்கினது.

இதெல்லாம் எனக்கு உறுத்தவே இல்ல தம்பி. ரெண்டே கால் மணி நேரத்துல ஒருத்தர் ஆயுசைச் சொல்லணும்னா பாட்டை முன்ன பின்ன நகர்த்தத்தான் செய்வான். கூத்துல கர்ணன் எத்தனை வயசுல எந்தப் பாட்டைப் பாடினான்னு யாராவது எழுந்து கேட்டிருக்கோமா?

ஆனா ஒண்ணு உறுத்துது. பல்பு மினுக்குது, கரண்ட் போகப் போகுது. நாளைக்கு எழுதறேன்.

21 நவம்பர், இரவு 9.55

போகல. அதனால மைக் ஸ்டாண்டு விஷயம்.

படத்துல ஆரம்பத்துல ஃப்ரெடி ஸ்டாண்டோட மல்லுக்கட்டி, மேல் பாதி கையோட வந்துடும், அப்படியே பாடுவார். அது கதையில்ல. சின்னக் கச்சேரி ஒண்ணுல ஸ்டாண்டு ரெண்டாப் போய், பாதியை வச்சே பாடி முடிச்சு, அது பிடிச்சுப்போய்க் கடைசி வரைக்கும் பாதி ஸ்டாண்டுதான். எங்க குடோன்ல ஒரு மூலை நிறைய அடித்தட்டு கழண்ட ஸ்டாண்டு கிடக்கு. கல்யாண ரிசப்ஷன்ல மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் உடைச்சது. ஒருத்தனும் உலகப் புகழ் ஆகல, ஒருத்தனும் காசும் குடுக்கல.

22 நவம்பர், இரவு 10.20

உறுத்தினது இதுதான்.

படம் சொல்ற கதை: ஃப்ரெடி தனி ஆல்பத்துக்குக் கையெழுத்துப் போட்டுப் பிரிஞ்சு போறார். பேண்டு உடையுது. ம்யூனிக்ல கெட்டுச் சீரழியறார். திருந்தி வந்து மன்னிப்புக் கேட்கிறார். பல வருஷமா சேர்ந்து வாசிக்கவே இல்லையேன்னு மத்தவங்க தயங்கறாங்க. அவசர அவசரமா ரிகர்சல். அங்கேயே எனக்கு எய்ட்ஸ்னு சொல்றார், எல்லாரும் கட்டிப் பிடிக்கிறாங்க. அப்புறம் வெம்ப்ளி.

நடந்தது: பேண்டு உடையவே இல்ல. 1984 பிப்ரவரியில 'தி வொர்க்ஸ்' ஆல்பம் வருது. ஆகஸ்ட்ல டூர் கிளம்பினவங்க 1985 மே மாசம் ஜப்பான்ல போய் முடிக்கிறாங்க. லைவ் எய்ட் ஜூலை 13. நடுவுல ரெண்டே மாசம். தனி ஆல்பத்தை முதல்ல போட்டதும் ஃப்ரெடி இல்ல. டிரம்மர் ரோஜர் டெய்லர் 1981லயே போட்டார், கிடார் பிரையன் மே 1983ல ஒண்ணு. நோய் தெரிஞ்சது 1987 வாக்குல. வெம்ப்ளி மேடையில அந்தச் சாயங்காலம் யாருக்கும் அது தெரியாது.

இன்னொண்ணு. லைவ் எய்டுக்கு முன்னாடி லண்டன் கிங்ஸ் கிராஸ் பக்கம் ஷா தியேட்டரை எடுத்து, அந்த 21 நிமிஷத்தை மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சுப் பார்த்திருக்காங்க. எந்தப் பாட்டை எங்கே வெட்டறது, எந்த அடியில அடுத்ததுக்குத் தாவறதுன்னு அளந்து வச்சிருக்காங்க. ஏன்னா அன்னிக்கு வரிசையா ஒரு பேண்டு மாத்தி ஒரு பேண்டு. மேடையில சிக்னல் லைட்டு வச்சு, சிவப்பு எரிஞ்சா இறங்குன்னு ஏற்பாடு. அந்த மாதிரி மேடையில "பார்த்துக்கலாம் விடு"ன்னு ஏறினவங்க கதை எனக்குத் தெரியும். நானே பின்னாடி நின்னு வால்யூமைக் குறைச்சுக் காப்பாத்தியிருக்கேன்.

பல வருஷம் தொடாம இருந்துட்டு ஒரு வாரத்துல அப்படி வாசிக்க முடியும்னா, எங்க ஆர்கெஸ்ட்ரா பசங்க ஆவணியில ஆரம்பிச்சு மாசி வரைக்கும் ஒரே 'இன்டர்லூட்'ல இடறிக்கிட்டு இருக்க மாட்டானுங்க.

நீ சிலிர்த்தது நிஜம் தம்பி. அதுக்குப் படம் சொல்ற காரணம்தான் பொய். மனசு திருந்திட்டா கை தானா வாசிக்கும்னு படம் சொல்லுது. அவங்க கையை வாசிக்க வச்சது டூர்.

24 நவம்பர், மதியம்

கொடைக்கானல் அக்கா ஒருவழியா இங்கே எழுத வந்துட்டாங்க. கஜா புயல் போன வழியில மரமெல்லாம் சாய்ஞ்சு, கரண்ட் இல்லாம, போன்ல உயிர் இல்லாமக் கிடந்திருக்காங்க. வந்ததும் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பையன் நெசமாவே பாடினானா?"

கலவைங்க அக்கா. கச்சேரியில கேட்கிறது பெரும்பாலும் ஃப்ரெடியோட பழைய ரெக்கார்டிங். அது கிடைக்காத இடத்துல மார்க் மார்ட்டெல்னு ஒரு கனடாப் பாடகர், குரல் அச்சு அசலா இருக்கும். நடுநடுவே ஃப்ரெடியா நடிச்ச ராமி மாலிக்கோட சொந்தக் குரலும் உண்டு. இதைச் சிலபேர் மோசடிங்கறாங்க. எம்.ஜி.ஆருக்கு ஒரு தொண்டை, சிவாஜிக்கு ஒரு தொண்டைன்னு டி.எம்.எஸ். பாடிக் கேட்டு வளர்ந்த நமக்கு இதுல என்ன அதிர்ச்சி?

நான் படத்துல பாட்டைக் கேட்டதைவிட அவர் கழுத்தைப் பார்த்ததுதான் அதிகம். வாயை மட்டும் அசைக்கிறவனுக்குத் தொண்டை மேல கீழ போகாது, மூச்சு எடுக்கிற இடத்துல தோள் ஏறாது. இவருக்கு ரெண்டும் சரியா நடக்குது. பல்லு செட்டு கொஞ்சம் அதிகம்தான். நிஜத்துலயும் ஃப்ரெடிக்குக் கூடுதலா நாலு பல்லு, எடுத்தா குரல் போயிடுமோன்னு பயந்து விட்டுவச்சார்ங்கறது உண்மை.

இன்னிக்குத்தான் ஃப்ரெடி போன நாள். 1991. 45 வயசு.

25 நவம்பர், ஞாயிறு

ரிகர்சலை மறைச்சது கடைசியில மட்டும் இல்ல. ஆரம்பத்துலயும் அதே வேலைதான்.

படத்தோட கதை 1970ல, லண்டன் ஹீத்ரோ ஏர்போர்ட்ல பெட்டி தூக்கிற பையனா அவரைக் காட்டி ஆரம்பிக்குது. அன்னிக்கு ராத்திரியே ஒரு பேண்டைப் பார்க்கிறார், பாடகன் விலகிட்டான், இவர் கார் பார்க்கிங்ல நின்னு பாடிக் காட்டறார், எல்லாரும் வாயைப் பிளக்கறாங்க. திறமை எங்கே இருந்து வந்துச்சு? பொறக்கும்போதே வந்துச்சாம்.

அவர் பொறந்தது 1946ல, சான்சிபார் தீவுல. பார்சிக் குடும்பம், பேரு ஃபரூக் பல்சாரா. அப்பா அங்கே வெள்ளைக்கார அரசாங்கத்துல காசாளர். எட்டு வயசுல பையனைக் கப்பலேத்தி அனுப்பினது பாஞ்ச்கனிக்கு. மகாராஷ்டிராவுல, மலை மேல, குளிரு, மூடுபனி, வெள்ளைக்காரன் காலத்து போர்டிங் ஸ்கூலுங்க வரிசையா நிக்கிற ஊரு. ஊட்டி, கொடைக்கானல்ல இருக்கிற நமக்கு விளக்கணுமா என்ன? செயின்ட் பீட்டர்ஸ் ஸ்கூல். ஃப்ரெடிங்கற பேரே அங்கே ஒட்டிக்கிட்டதுதான். பியானோ அங்கே கத்து நாலாவது கிரேடு வரைக்கும் பரீட்சை எழுதினார். 12 வயசுல 'தி ஹெக்டிக்ஸ்'னு ஸ்கூல் பேண்டு. அதுல இவர் முன்னாடி நிக்கிற பாடகன் கூட இல்ல, பின்னாடி பியானோ. பாடினது வேற பையன். வீட்டை விட்டு அத்தனை வருஷம், படத்துல அப்பா வாயால போற போக்குல ஒரு வசனம், அவ்வளவுதான். 1964ல குடும்பமே சான்சிபாரை விட்டு இங்கிலாந்து ஓடினதும் அதே மாதிரி.

எனக்கு ஏன் இவ்வளவு வருத்தம்னா, அந்தப் பையனை நான் பார்த்திருக்கேன். அவனை இல்ல, அவன் மாதிரி ஒருத்தனை. இங்கே ஒரு போர்டிங் ஸ்கூல்ல ஆண்டு விழாவுக்கு சவுண்ட் போடப் போனேன். எந்த ஸ்கூல்னு கேட்காதீங்க, பில்லுக்கு அடுத்த ஆண்டு விழா வரைக்கும் அலைய விட்டாங்க, பேரைச் சொன்னா இதுவும் போகும். முந்தின நாள் சாயங்காலம் ஹால்ல வயர் ஓட்டிக்கிட்டு இருக்கேன். மூலையில பழைய பியானோ. மழைக்காலத்து ஈரம் உள்ளே போகாம இருக்க, பியானோவுக்குள்ள ஒரு குண்டு பல்பு எரிய விட்டிருப்பாங்க, மலையில பியானோ வச்சிருக்கிறவங்களுக்குத் தெரியும். அப்படியும் ரெண்டு கட்டை ஊறிப் போய், அழுத்தினா மேல வராது. ஒரு பையன் வந்தான், பதிமூணு வயசு இருக்கலாம், அப்பா அம்மா எங்கேயோ வெளிநாடு. ஒரு பாட்டை ஆரம்பிச்சான், அந்த ரெண்டு கட்டை மாட்டுச்சு. நிறுத்தினான். கையை மூணு கட்டை தள்ளி வச்சு, அதே பாட்டை வேற சுருதியில ஆரம்பிச்சான். ஒரு கட்டை தப்பிச்சது, இன்னொண்ணு மாட்டுச்சு. மறுபடி தள்ளினான். மூணாவது தடவை ரெண்டுமே குறுக்க வரல. முழுப் பாட்டையும் வாசிச்சுட்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காம சாப்பாட்டு மணிக்கு ஓடிட்டான்.

யாரும் சொல்லிக் குடுத்து வர்ற வித்தை இல்ல அது. ஹாஸ்டல்ல வேற போக்கிடம் இல்லாத பையனுக்குத் தானா வர்றது. பாஞ்ச்கனியில ஒரு பத்து நிமிஷம் படம் எடுத்திருந்தா நான் மீசை, வருஷம் எல்லாத்தையும் மன்னிச்சிருப்பேன்.

2 டிசம்பர்

"பேண்டு எப்பவுமே பாடகனோட தலைக்கனத்தாலதான் உடையும்"னு ஒருத்தர் எழுதியிருக்கார். சார், ஆர்கெஸ்ட்ராவுல ஒரு சீசன் இருந்து பாருங்க. வேன் வாடகையில உடையும். பேமென்ட் பிரிக்கிறதுல உடையும். தலைக்கனம்லாம் அப்புறம்.

குயீன்லயும் சண்டை அதுதான். 'பொஹீமியன் ராப்சடி' ரெக்கார்டுக்குப் பின்பக்கம் ரோஜர் டெய்லரோட கார் பாட்டு. இசைத்தட்டு வித்தா முன்பக்கத்துக்கு எவ்வளவு ராயல்டியோ பின்பக்கத்துக்கும் அவ்வளவு. வெளிவந்தப்போ பிரிட்டன்ல அது 9 வாரம் முதலிடத்துல இருந்த தட்டு. எல்லாரும் வாங்கினது ஃப்ரெடி பாட்டுக்காக, காசு ரோஜருக்கும் போச்சு. படத்துல இதைக் கிண்டலா ரெண்டு வரியில முடிச்சுட்டாங்க. இனிமே எல்லாப் பாட்டுக்கும் குயீன்னே பேர் போடுவோம்னு லைவ் எய்டுக்கு முன்னாடியே சமாதானம் ஆகிற மாதிரி வேற. அந்த ஏற்பாடு வந்தது 1989 ஆல்பத்துல.

30 டிசம்பர்

கொஞ்ச நாளா எட்டிப் பார்க்கல. படகர் மக்களோட ஹெத்தை பண்டிகை சமயம், ஹட்டி ஹட்டியா, அதான் அவங்க ஊர் ஊரா, வேலை. வெள்ளை வேட்டி, வெள்ளை முண்டு, ஊரே வட்டம் கட்டி ஆடுது. ஸ்பீக்கரை மேட்டுல ஒண்ணும் பள்ளத்துல ஒண்ணும் கட்டினேன். அங்கே நிக்கும்போது இந்தப் படம் ஞாபகம் வந்துச்சு, அதுவும் சவுண்ட் சம்பந்தமாத்தான்.

சத்தம் ஒரு செகண்டுக்கு 340 மீட்டர் சுமாரா போகும். பள்ளத்துல 34 மீட்டர் தள்ளி நிக்கிறவன் கை தட்டினா எனக்குக் கேட்கிறப்போ செகண்டுல பத்துல ஒரு பங்கு லேட்டு. நூறு பேர் நூறு தூரத்துல நின்னா, ஒரே தட்டு நூறு தடவை உதிர்ந்து வரும். காது அதைத்தான் கூட்டம்னு எடுத்துக்குது. பிரையன் மே இயற்பியல் படிச்ச ஆளு, பின்னாடி 2007ல வானியல்ல டாக்டர் பட்டமே வாங்கினார். 'வீ வில் ராக் யூ'க்குப் பழைய பலகையை மிதிச்சு, கை தட்டி ரெக்கார்ட் பண்ணிட்டு, ஒவ்வொரு தட்டுக்கும் வேற வேற தாமதம் குடுத்து ஏத்தினார். ஸ்டூடியோவுல இருந்தது விரல் விட்டு எண்ற அளவு ஆளுங்க. கேட்கிறவனுக்கு ஸ்டேடியம். படத்துல அவர் எல்லாரையும் மேடைப் பலகையில நிக்க வச்சு மிதிக்கச் சொல்றதோட சரி, உடனே கச்சேரிக்கு வெட்டிட்டாங்க. மிதிச்சது ஈஸி தம்பி, அப்புறம் நடந்ததுதான் வேலை.

30 டிசம்பர், இன்னும் கொஞ்சம்

இதைச் சொல்லாம தூக்கம் வராது. லைவ் எய்ட் சீன்ல, மேனேஜர் ஜிம் பீச் சவுண்ட் மிக்ஸர்கிட்ட நைஸா போய், ஆள் பார்க்காதப்போ சத்தத்தைக் கூட்டற ஃபேடரை மேல தள்ளுவார். தியேட்டர்ல கை தட்டினாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு.

அன்னிக்கு எல்லாப் பேண்டுக்கும் சத்தம் ஒரு அளவு தாண்டாம இருக்க லிமிட்டர் போட்டிருந்தாங்க. குயீன் ஏறினப்போ அதைச் சத்தமில்லாம விலக்கினது அவங்களோட சவுண்ட் இன்ஜினியர் ட்ரிப் கலாஃப். மத்தவங்களைவிட அவங்க சத்தமா, தெளிவா கேட்டதுக்கு அதுவும் ஒரு காரணம். அந்த ஒரு பெருமையையும் எடுத்து மேனேஜர் கையில குடுத்துட்டாங்க. யாருன்னு பார்த்தா, இந்தப் படத்தோட தயாரிப்பாளர் பட்டியல்ல ஜிம் பீச் பேர் இருக்கு!

நவம்பர் 22ஆம் தேதி எழுதினதோட இதைச் சேர்த்துப் படிங்க. பிரையன் மேயும் ரோஜர் டெய்லரும் படத்துக்குக் கூடவே இருந்தவங்க. அப்படியும் கதையில ஆல்பம் போட்டுப் பிரியறது ஃப்ரெடி, மன்னிப்புக் கேட்கிறது ஃப்ரெடி, மத்தவங்க நேரத்துக்கு வீட்டுக்குப் போற நல்ல பசங்க. அப்போ நான் அதை டைரக்டர் தலையில போட்டுப் பார்த்தேன். இப்போ யோசிச்சா, உயிரோட இருக்கிறவங்க உட்கார்ந்து சொன்ன கதை அப்படித்தானே வரும்னு தோணுது. செத்தவர் வந்து 'இல்லப்பா ரோஜர், நீதான் முதல்ல போட்டே'ன்னு சொல்லப் போறதில்ல.

7 ஜனவரி 2019

கோல்டன் குளோப்ல சிறந்த படமாம். ராமி மாலிக்குக் குடுத்தது நியாயம். படத்துக்கு? அக்கா, நீங்களே சொல்லுங்க.

25 பிப்ரவரி

நாலு ஆஸ்கர். நடிகர், படத்தொகுப்பு, சவுண்ட் எடிட்டிங், சவுண்ட் மிக்சிங். நாலுல ரெண்டு எங்க சவுண்ட்காரங்க ஜாதிக்கு. காலையில டீக்கடையில தெரியாத ஆளுக்கெல்லாம் சொல்லிட்டேன், ஒருத்தர் வாழ்த்துக்கூடச் சொன்னார்.

மிக்சிங்ல மறுபேச்சே இல்ல. 1985ல டேப்ல பதிஞ்ச கச்சேரிச் சத்தத்தை எடுத்து, கேமரா மேடையில இருந்தா பாடறவங்களுக்குக் கேட்கிற மானிட்டர் ஸ்பீக்கர் சத்தம், கூட்டத்துக்குள்ள போனா ஜனத்தோட இரைச்சல், பியானோ பக்கத்துல வந்தா கட்டை சத்தம்னு இடம் மாத்தி மாத்தி உட்கார வச்சிருக்காங்க. கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டாலும் கேமரா எங்கே இருக்குன்னு சொல்லிடலாம்.

படத்தொகுப்புக்குத்தான் இன்டர்நெட்ல சிரிக்கிறாங்க. மேனேஜர் ஜான் ரீடை முதல்முதலா வெளியே மேசையில உட்கார்ந்து பார்க்கிற சீன், ஒரு வார்த்தைக்கு ஒரு ஷாட்டு, ஆள் திரும்பறதுக்குள்ள வெட்டு. அது நிஜமாவே கண்றாவி. ஆனா அந்த எடிட்டர் நிலைமையையும் பாருங்க. டைரக்டர் பிரையன் சிங்கரை ஷூட்டிங் முடியறதுக்கு முன்னாடியே 2017 டிசம்பர்ல நீக்கிட்டாங்க, மிச்சத்தை எடுத்தது டெக்ஸ்டர் ஃப்ளெட்சர். ரெண்டு பேர் எடுத்ததை ஒரு படமா ஒட்டினது ஜான் ஓட்மேன். மேடையில ராமி மாலிக் நன்றி சொன்ன பட்டியல்ல சிங்கர் பேர் வரல.

தம்பி, உனக்கு ஒரு வேலை. தியேட்டர்ல வந்த லைவ் எய்ட் முழுசு இல்ல. 'கிரேஸி லிட்டில் திங்'கும் 'வீ வில் ராக் யூ'வும் எடுத்துட்டு வெட்டிட்டாங்க. இப்போ வந்திருக்கிற டிஸ்க்ல ரெண்டையும் சேர்த்து முழுசா போட்டிருக்காங்களாம். 'வீ வில் ராக் யூ' இல்லாம 'வீ ஆர் தி சாம்பியன்ஸ்'க்குத் தாவறது எனக்குத் தியேட்டர்லயே பல்லுல கல்லு மாட்டின மாதிரி இருந்துச்சு. கோத்தகிரியில யாராவது வாங்கியிருந்தா சொல்லுங்க. ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் நான் கொண்டு வர்றேன், சேனல் சரியாயிடுச்சு. டீசல் பார்க்கிறவங்க செலவு. அக்கா கொடைக்கானல்லேர்ந்து வர்றதா இருந்தா அவங்களுக்கு டீசல் பங்கு கிடையாது, பஸ் டிக்கெட்டே போதும்.